நாற்பது பேருக்குச் சோற்றுருண்டையும் யாரிகாய் சகுஷுவும்

மதிப்பிற்குரிய மச்சான் கட்சுயுகி அவர்களுக்கு,

மழைக்காலம் ஓய்ந்து சில்வண்டுகள் காதைத் துளைக்கும் இந்நாளில், மாத்சுமோத்தோவில் நீங்களும் அக்காவும் நலமென நம்புகிறேன். நான் நலமில்லை. உங்கள் தங்கை யசுயோ கோபித்துக்கொண்டு அங்கே வந்து இன்றோடு ஐந்து நாள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. எங்கள் மகள் மிசுஹோ கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா? "மணப்பெண்ணோட ஆனந்தக் கண்ணீரைவிடப் பெரிய சம்பளம் உண்டா?" என்று சொல்லியே மேனேஜர் ஓவர்டைம் காசைத் தருவதில்லையாம். வேலையில் கிடைக்கும் மனநிறைவைக் காட்டியே ஆளைச் சுரண்டுவதற்கு 'யாரிகாய் சகுஷு' என்று பெயராம். "அநியாயம்!" என்று நானும் மேஜையைத் தட்டினேன், தட்டித் தொலைத்தேன். மறுநாள் தெருச் சங்கத் தலைவர் என்ற முறையில் சாக்கடை சுத்தம் செய்யக் கூப்பிட்டால், எதிர்வீட்டு ஷிமோதே, "இதுவும் யாரிகாய் சகுஷுதானே தலைவரே?" என்று கதவைச் சாத்துகிறான்!

அன்று மாலை வழக்கம்போல, "திருவிழாவுல பல்லக்கு தூக்குற நாற்பது பேருக்கும் யசுயோ சோற்றுருண்டை பிடிச்சிடுவா" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தானே!

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் யசுயோ.

"இதுல கேக்க என்ன இருக்கு? சாப்பிட்டுட்டு அவங்க சிரிக்கிற சிரிப்பு போதாதா உனக்கு?"

மிசுஹோ சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள். "அப்பா, எங்க மேனேஜர் இதே மூஞ்சியோடதான் சொல்வாரு."

யசுயோ ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு ரயிலேறிவிட்டாள். நேற்று நானே ஒரு உருண்டை பிடித்தேன். கையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. இதை எப்படி நாற்பது பேருக்குப் பிடித்தாள் மகராசி? அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். தலைவர் பதவியை இன்றே உதறுகிறேன். சோறு கடையில் வாங்கிக்கொள்ளட்டும். இதை அவளிடம் சொல்லி, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
இனோமாத்தா தொகுஜிரோ

பி.கு.: ராஜினாமா கொடுக்கப் போனேன். பெரியவர் சின்னவர் எல்லோரும் வரிசையாகக் குனிந்து, "நீங்க இல்லாம திருவிழாவே கிடையாது தலைவரே" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டேன். இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் யசுயோவிடம் காட்டுங்கள். இந்த வருஷம் பல்லக்கு தூக்க நாற்பது இல்லையாம், அறுபது பேராம்.