பிராஞ்சுக் குழம்பும் மாடக்கண்ணு மச்சானும்

இந்தக் குற்றால சீசனில் ஒரு புரட்சி செய்தே தீருவதென்று முடிவு கட்டிவிட்டேன். ரத்தம் சிந்தாத புரட்சி. ஆயுதம் ஒரே ஒரு மண்சட்டி.

எதிரி, என் மனைவி பாலம்மாளின் அண்ணன் மாடக்கண்ணு. சாரல் விழுந்த அன்றே வாசுதேவநல்லூரிலிருந்து குடும்பத்தோடு தென்காசிக்கு வந்து என் வீட்டில் இறங்கினார். "மூணு நாள் குளிச்சிட்டுப் போயிருதோம் மாப்ளே" என்றார். மூன்று வாரமாயிற்று! என் கட்டிலில் அவர் படுக்கிறார். என் துண்டில் அவர் தலை துவட்டுகிறார். வீட்டில் எனக்கென்று பாக்கி இருப்பது என் மீசை மட்டும்தான்.

ஆனால் காரமும் புளியும் இல்லாவிட்டால் மச்சான் அரைநாள் தங்கமாட்டார். அங்கேதான் பிடித்தேன்!

குற்றாலத்துப் பங்களாவில் பிரான்ஸிலிருந்து வந்த பிராஞ்சுத் துரை ஒருவருக்குச் சமைக்கும் பட்லர் ஏசுவடியானிடம் ஓடினேன்.

"கத்தரிக்கா, தக்காளி, பூசணி, வெங்காயம், பூண்டு. எல்லாத்தையும் அரிஞ்சு ஒரே சட்டியில போட்டு, எண்ணெய் விட்டு, உப்புப் போட்டு மூடிருங்க. அம்புட்டுதான் அண்ணாச்சி."

"புளி?"

"கிடையாது."

"மிளகாய்?"

"கர்த்தரே! கிடையவே கிடையாது!"

அவரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போலிருந்தது. வீட்டுக்குப் பறந்தேன்.

"ஏட்டி பாலம்மா! இன்னைக்கு நான்தான் சமையல். பிராஞ்சுக் குழம்பு!"

"எதுக்குப் பிராஞ்சு? ஹெட்டாபீசுக் குழம்பே வைக்கப்பிடாதா?"

"பிராஞ்சு தேசத்துக் குழம்புட்டி!"

"சரி, மிளகாய் எத்தனை எடுக்க?"

"மிளகாயே கிடையாது."

"புளி?"

"மூச்!"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். "தாராளமாச் செய்யுங்க" என்று அடுப்படியை விட்டு நகர்ந்தாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன், அந்தச் சிரிப்பைக் கண்டதுமே சட்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

வெங்காயத்துக்கு அழுதேன். மச்சான் மூட்டை கட்டுவதை நினைத்துச் சிரித்தேன். சட்டி கொதிக்கக் கொதிக்க மனசு குதித்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். ஆஹா! சப்பென்றால் அப்படியொரு சப்! இதைத் தின்றவன் முதல் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் என் பேர் நம்பிராஜன் இல்லை!

இலை போட்டேன். மச்சான் ஒரு வாய் வைத்தார். கை நின்றது. கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன்!

மச்சான் இன்னொரு வாய் வைத்தார். இலையையே வழித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே! எனக்கு வயித்துப்புண்ணாம். காரம், புளி ஒரு மண்டலத்துக்குத் தொடப்பிடாதுன்னு மேலகரத்து வைத்தியர் நேத்துச் சொல்லிட்டாரு. இங்கன யாரு தினமும் பத்தியம் சமைப்பான்னு நாளைக் காலை பஸ்ஸுக்கு மூட்டை கட்டிட்டேன். பாலம்மாதான், 'பொறு அண்ணே, உனக்குப் பத்தியம் வைக்கன்னே அவுக படிச்சிட்டு வந்திருக்காவ'ன்னு நிறுத்திட்டா!"

"நாளைக்கே... போறதா இருந்தியளா?"

"இனி எங்க போக? நாப்பத்தெட்டு நாளும் உங்க கையாலதான் மாப்ளே!"

அடுப்படிக்குத் தப்பி ஓடினேன். அங்கே பாலம்மாள் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டி பத்தாது, பெரிசா ஒண்ணு வாங்கியாங்க. ஊர்ல எங்க அம்மைக்குப் பல்லே இல்லைல்லா, இது நல்லா ஒத்துக்கிடும், பொறப்பட்டு வான்னு கடுதாசி போட்டுட்டேன்."