நாலு ராகத்தில் ஒரு வசவுக் கடிதம்

சாங்ஹுவா ஆற்றங்கரை
வியாழக்கிழமை

மலையூரில் வசிக்கும் மரியாதைக்குரிய மைத்துனர் ஃபு யாதே அவர்களுக்கு, கீழே ஆற்றங்கரையில் வசிக்கும் தங்கள் அக்காள் கணவன் வென் காய்ஷெங் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். அங்கே தாங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் வீட்டிலிருந்து கிளம்பிப் போன புளித்த மீன் ஜாடி தங்கள் அடுப்படியில் இருக்கும்போது சுகத்துக்கு என்ன குறைச்சல். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், ஆகவே கடிதம். எங்கள் பாஷைக்கு எழுத்து கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே, அதனால் சீனத்தில் எழுதுகிறேன். சொல்லை ஏற்றி இறக்கிப் பொருளை மாற்ற எங்கள் பாஷையில் பத்து ராகம் உண்டு, சீனத்தில் நாலே நாலு. வாய்க்குள் பத்து ராகத்தில் கிளம்புகிற கோபம் பேனா முனைக்கு வருவதற்குள் நாலாகச் சுருங்கிப் போகிறது. படிக்கும்போது தாங்களே கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளவும்.

நடந்தது என்னவென்று உங்க அக்கா ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நான் சொல்வதையும் கேட்டுக்கொள்ளவும். ஹாய்கோவிலிருந்து லுவோ என்று ஒரு பெண், எங்கள் பாஷையைப் பதிவு செய்து பத்திரப்படுத்த வந்தாள். பார்த்தால் நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்தவள் மாதிரி இருப்பாள், ஆனால் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடணும். ஊர் ஊராக ஆள் தேடினாள். அறுபது தாண்டியிருக்கணும், பிறந்த ஊரை விட்டு நகராதவனா இருக்கணும், முன்பல் அத்தனையும் இருக்கணும். பல் இல்லாதவன் பேசினா, டக்குனு கதவு சாத்தினாப்பல முடியற சொல்லெல்லாம் கதவு திறந்தே கிடக்குமாம். மாட்டுச் சந்தையில பார்க்கிற மாதிரி என் வாயைத் திறந்து பார்த்தாங்க, மச்சான். எல்லாப் பல்லும் இருந்தது. அடையாள அட்டையில எங்களைச் சீனன்னு போட்டிருக்கான், நான் வாயைத் திறந்தா எந்தச் சீனனுக்கும் ஒண்ணும் புரியாது. நான் பெத்த மக சான்யாவில ஓட்டல் வேலைக்குப் போனதிலிருந்து, நான் எங்க பேச்சுல கேட்டா அவ சீனத்துல பதில் சொல்றா. பேரன் இருக்கானே, அவனுக்கு நான் பேசறதும் ஆடு கத்தறதும் ஒண்ணு. நாளைக்கு அவன் வளர்ந்து, தாத்தா என்ன பேசினார்னு தேடினா என் குரல் அங்கே இருக்கணும்னு நினைச்சேன், அது குத்தமா?

அதுக்காக என்ன பாடு பட்டேன் தெரியுமா. தண்ணி மோட்டாரை நிறுத்தினேன். சேவலைக் கொண்டுபோய் ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டினேன். எதிர்வீட்டுக்காரன் பகல்லயே மைக் பிடிச்சுப் பாடறவன், அவன் கையில காலில் விழுந்து வாயை மூட வச்சேன். ஊரையே மூட வச்சவனுக்கு உங்க அக்கா வாயை மூட வைக்கத் தெரியலை. வாத்தியாரம்மா அட்டையில படம் காட்டுவாள், நான் சொல்லணும். நெருப்புப் படம் காட்டினாள், தொண்டையைச் செருமிக்கிட்டு நிதானமா சொன்னேன். அடுப்படியிலிருந்து குரல் வருது, "ஏங்க, யார் செத்துப்போனதுன்னு இப்படிச் செய்தி வாசிக்கிறீங்க?" வாத்தியாரம்மா சிரிச்சிட்டாள். மறுபடி ஆரம்பிச்சோம். ஆடு படம். "ஆட்டைக் கூப்பிடறப்ப இப்படியா கூப்பிடறீங்க? இந்தக் குரலுக்கு ஒரு ஆடு வருமா? கொல்லையில கத்துற மாதிரி கத்துங்க." தண்ணி படம், நெல் படம், மாமனார் படம், எல்லாத்துக்கும் உங்க அக்கா உள்ளேயிருந்து தாளம். அதுவும் எப்படி, எங்க சொல்லை எடுத்து உங்க மலை ராகத்துல போட்டு. உங்க பாஷைக்கு இருக்கறதே மூணு ராகம். கல்யாணமாகி வந்த நாள் முதலா இந்த வீட்டில பத்து ராகம் காதுல விழுது, அவ அந்த மூணை விட்டு இறங்கி வரலை. சோறு போடறப்ப சொல்லித் திருத்துவேன், சந்தைக்குப் போற வழியில திருத்துவேன், ஜுரத்துல படுத்திருந்தப்பகூட திருத்தினேன். அப்படிப்பட்டவ என்னை, எங்கப்பன் பாட்டன் பேசின பேச்சில, ஊர்ச்சனம் ஜன்னல்ல எட்டிப் பார்க்க, திருத்தறா.

நான் ஒண்ணும் பெரிசா சொல்லிடலை. "மலைக்காரிக்கு எங்க பாஷையில என்ன பேச்சு, மூடு வாயை"ன்னேன். மலையில பிறந்தவளை வேற எந்தக் காரின்னு சொல்றது? எனக்கு எதுல எரிச்சல் தெரியுமா, மச்சான்? ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தா விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். கையைத் துடைச்சா, ஜாடியைத் தூக்கினா, பஸ் ஏறிட்டா.

சரி, போனா போகட்டும்னு இருந்தேன். ஒத்தைச் சொல்லெல்லாம் முடிஞ்சது, இனி ரெண்டு பேர் வீட்ல பேசிக்கிற மாதிரி பேசணும்னு வாத்தியாரம்மா சொல்லிட்டாள். தம்பி வந்தான், ரெண்டு பேரும் மைக்கைப் பார்த்துச் சாமி கும்பிடற மாதிரி உட்கார்ந்திருந்தோம். நானே ரெண்டு குரல்ல பேசிப் பார்த்தேன், ஜன்னல்ல நின்னவன் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான். கடைசியில வாத்தியாரம்மா கருவியைப் போட்டுக் காட்டினாள். நான் சொன்னதெல்லாம் சர்க்கார் ஒலிபெருக்கி மாதிரி இருக்கு. அவ குறுக்கே பேசி, நான் எரிஞ்சு விழுந்தேன் பாரு, அந்த இடத்துல மட்டும்தான் பத்து ராகமும் ஒழுங்கா விழுந்திருக்காம். "மாமி இல்லாம உங்களுக்குப் பேச்சு வரலை, மாமா"ங்கறா அந்தச் சின்னப் பொண்ணு. மாமி வரலைன்னா தாங் வான்லியையும் அவன் பொண்டாட்டியையும் பதிவு பண்ணிக்குவாளாம். தாங் வான்லி யாருன்னு உனக்குத் தெரியும், டவுன்ல சிலிண்டர் விக்கிறவன், வாய்க்குள்ள பாதி சீனம். என் பேரன் நாளைக்கு அந்தக் குரலைக் கேட்டு, எங்க தாத்தா இப்படித்தான் பேசினார்னு நினைச்சுக்கணுமா?

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், உங்க அக்காவை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அனுப்பி வைக்கவும். இது முழுக்க முழுக்கப் பாஷைக்காக. எனக்காக என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சமைக்கத் தெரியும், ஆட்டுக்குத் தழை வெட்டத் தெரியும், எனக்கு ஒருவர் தயவும் வேண்டாம். உங்க ஊர் வழக்கப்படி குடத்தில் சாராயம் எடுத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போனவளை நான் அழைக்க வருவேன் என்றும், உன் வாசலில் நின்று நீ அபராதமாக ஊற்ற ஊற்றக் குடிப்பேன் என்றும், உன் சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் பார்த்துச் சிரிக்கலாம் என்றும் கனவு காண வேண்டாம். வந்தவள் பேசி முடித்த மறுநாளே திரும்பிப் போவதானாலும் பஸ் இருக்கிறது.

தங்கள் தாயாருக்கு என் வணக்கம். தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாம்பழம் பழுத்துவிட்டது, தங்களுக்கென்று ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன், கோபம் வேறு, மாம்பழம் வேறு.

இப்படிக்கு,
வென் காய்ஷெங்

பின்குறிப்பு: வாத்தியாரம்மா செவ்வாய்க்கிழமையே மூட்டை கட்டிக்கொண்டு போயாச்சு. தாங் வான்லிதான் பேசினான், பேசட்டும், தொலையட்டும். நீ அக்காவை அனுப்பு மச்சான். அனுப்ப முடியாதுன்னா சொல்லு, சனிக்கிழமை நானே குடத்தோட வர்றேன், எவ்வளவு ஊத்தறியோ ஊத்து. சேவலும் திரும்பி வந்துடுச்சு, மோட்டாரும் ஓடுது, இருந்தும் வீட்ல சத்தமே இல்லை. அவ வந்து மூணு ராகத்துலயே திட்டட்டும். நான் திருத்த மாட்டேன்னு சொல்லு.