சந்தைக்கடை சார்

தர்மபுரி மாவட்டத்தில் இடி இடித்தாலும் கேட்காத வகுப்பறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் கல்லூரியின் முதலாம் ஆண்டு இயற்பியல் வகுப்பு. வெளியே இடிப்பதைவிட உள்ளே சத்தம் அதிகம். அந்த வகுப்பை நடத்தியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பையன்கள் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் சந்தைக்கடை சார்.

நான் அங்கே சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் நல்ல வாத்தியார் என்றால் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் நோட்ஸ் சொல்ல வேண்டும். நான் நல்ல வாத்தியார். என் வகுப்பில் ஊசி விழும் சத்தமும் கேட்கும், குறட்டையும் கேட்கும்.

சந்தைக்கடை சாரோ முதல் நாளே ஒவ்வொரு பையனையும் எழுப்பி, வீட்டில் ரேடியோ பாடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பார். திருப்புளி எடுத்துப் பிரிப்பேன் என்பவனுக்கு ஒரு மூலை. கூட வந்த புத்தகத்தைப் படிப்பேன் என்பவனுக்கு இன்னொரு மூலை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்பேன் என்பவனுக்கு மூன்றாவது மூலை. தலையில் ரெண்டு தட்டு தட்டுவேன் என்று உண்மையைச் சொன்னவர்களைத் திருப்புளி மூலையில் சேர்த்துவிடுவார். அப்புறம் ஒரே பாடம் மூன்று விதமாக நடக்கும். ஒரு மூலையில் சாமான்களை உருட்டுவார்கள், ஒரு மூலையில் கணக்குப் போடுவார்கள், மூன்றாவது மூலையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாதாடுவார்கள்.

பக்கத்து அறை காமர்ஸ் வாத்தியார் தாங்க முடியாமல் பிரின்சிபாலிடம் போனார். பிரின்சிபால் சத்தம் என்றால் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுகிற ஆள். அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் வந்தது. கடைசி நாளில் சந்தைக்கடை சார் எல்லோர் முன்னாலும் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அங்கேயும் இதே கூத்து என்றால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு லேப் சாமான்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவேன் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

டீக்கடையில் சந்தைக்கடை சார் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"லேப்புல போட்டாப் பரவால்லீங்க. இந்தப் பசங்க வேற யாருகிட்ட போனாலும் கடைசி பெஞ்சுல உக்காந்து, அரியர் வெச்சுட்டு, பாதியில வூட்டுக்குப் போயிருவானுங்க. அதான் பயமா இருக்குது."

அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

முகாமுக்கு மெட்ராசிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம், ஆகவே ஒரே விதமாகப் பாடம் நடத்தக் கூடாது என்பதை ஒரே குரலில், ஒரே வேகத்தில், காலை முதல் மாலை வரை வாசித்தார். கரண்ட் போய்ப் புரொஜெக்டர் அணைந்ததுகூடத் தெரியாமல் வெறும் சுவரைக் காட்டி விளக்கினார். நாங்கள் தூங்கினோம். சந்தைக்கடை சார் மட்டும் எழுந்து நின்றார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. அப்ப எங்களுக்கு மட்டும் ஏங்க ஒரே விதமா நடத்துறீங்க?"

நிபுணர் தண்ணீர் குடித்தார். சந்தைக்கடை சார் தொலைந்தார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசி நாள் நாங்கள்தான் மாணவர்கள். பாடம், நெம்புகோல். ஹாஸ்டல் சமையலறையிலிருந்து ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வரச் செய்திருந்தார். சாயங்காலம் தோசைக்கு ஆட்ட வேண்டும் என்று புலம்பியபடி சமையல்காரர் கூடவே வந்து கதவுக்கு வெளியே காவல் நின்றார். பையன்கள் மூச்சு விடாமல் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

வழக்கமான ரேடியோ கேள்வி வந்தது. நிபுணர் புத்தக மூலைக்குப் போனார். நானும் காமர்ஸ் வாத்தியாரும் வாதாடும் மூலை. பிரின்சிபால் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு தட்டு தட்டுவேன் என்றார். அவர் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார் சந்தைக்கடை சார்.

பிரின்சிபால் கடப்பாரைக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கல்லைத் தன் கைப்பக்கமாக வைத்து அழுத்தினார். ஆட்டுக்கல் அசையவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தினார். முட்டை ஆட்டுக்கல் பக்கம் தள்ளி வைக்க வேண்டும் என்று நானும், கூடாது என்று காமர்ஸ் வாத்தியாரும் தொண்டை கிழியக் கத்தினோம். நிபுணர் கணக்குப் போட்டு முடித்து, எழுதிய தாளைத் தலைக்கு மேல் ஆட்டி, ஆட்டுக்கல் பக்கம் தள்ளுவதுதான் சரி என்று எங்களைவிட உரக்கக் கூவினார். பிரின்சிபால் முட்டுக்கல்லை ஆட்டுக்கல்லோடு ஒட்டி நகர்த்தி, ஒரே கையால் அழுத்தினார். ஆட்டுக்கல் எழுந்தது.

"தூக்கிட்டேன்யா! ஒத்தைக் கையில தூக்கிட்டேன்!"

சமையல்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, கல் உடைந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கடப்பாரைக்கு எங்களுக்குள் அடிதடியே நடந்துகொண்டிருந்தது. அதைக் கைவிட மாட்டேன் என்று பிரின்சிபால் அடம்பிடித்தார். பள்ளிக்கூடத்தில் நெம்புகோலுக்காக நான் வாங்கிய அடிகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

கடைசியில் பிரின்சிபால் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு சந்தைக்கடை சார் பக்கம் திரும்பினார்.

"வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். திங்கக்கெழமையிலிருந்து மத்த வாத்தியாருங்க வந்து உக்காந்து பாக்கட்டும். நானும் வரேன். என்னை இதே மூலையில போடுங்க."

வராந்தாவில் எழுந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். யாரும் அதட்டவில்லை. பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கேட்டுக்குப் போனார்கள். அவரோ மேலே இருந்தபடி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டே போனார்.

எத்தனையோ ராஜாக்களின் வெற்றியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அழித்திருக்கிறேன். அவர்களில் யாருடைய ஊர்வலத்திலும் போக எனக்கு ஆசை வந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போய், என் தோளையும் கொடுத்தேன்.