மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன மெயில் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியம்தானே? நன்றாக இருங்கள். மாமா எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். மெயில் போனால்தானே மெயிலில் எழுத!

திரைச்சீலை தைத்து விற்கிற எனக்கு, வெளியே ஒரு கம்பெனி மாசாமாசம் பணம் வாங்கிக்கொண்டு மெயிலைப் பார்த்துக்கொண்டது. அது பாட்டுக்குப் போனது, வந்தது. லீவுக்கு வந்த நீங்கள், "எத்தனை நாளைக்கு மாமா வாடகை வீட்லயே இருப்பீங்க? மெயிலுக்கும் சொந்த வீடு கட்டிடலாம்" என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? இஸ்திரி மேசைக்குக் கீழே சர்வர் என்று ஒரு பெட்டியை வைத்து, பழைய கணக்கையும் மூடிவிட்டு, நிம்மதியாக ரயிலேறிவிட்டீர்கள். அன்று பிடித்தது சனி. சொந்த வீட்டிலிருந்து புறப்பட்ட மெயிலை வெளியே ஒருவரும் நம்பவில்லை, போன இடத்திலெல்லாம் குப்பை மெயிலோடு தள்ளிவிட்டார்கள். இத்தனை வருஷமா நாணயமா தொழில் பண்றவன் நான், என் மெயில் குப்பையா? உங்களுக்குப் போன் போட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா" என்கிறீர்கள். ரீஸ்டார்ட்டுக்கு என்ன குறைச்சல்? இஸ்திரிப் பெட்டி இருக்கிற இடம் என்று, தினமும் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்தப் பெட்டி ராத்திரியும் முழிச்சிருக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? பட்டென்று அணைத்து அணைத்து, உள்ளே என்னவோ கெட்டு, இப்போது ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அதுகூடப் போகட்டும். புது ஹோட்டல் ஒன்றில் அத்தனை அறைக்கும் திரைச்சீலை கேட்டிருந்தார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் என் தையல்காரர்கள் இரண்டு பேருக்கும் வேலை, இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். என்ன முகத்தை வைத்துக்கொண்டு அனுப்புவேன்? துணியின் படமும் விலையும் மெயிலில் அனுப்பிவிட்டு, பதிலே காணோமே என்று போன் போட்டால், வரவேற்பில் இருக்கிற பெண், "மேனேஜர் மேடம் போட்ட மெயில் திரும்பி வந்துடுச்சு சார். நீங்க கடையை மூடிட்டீங்களோன்னு வேற இடம் பாக்கக் கிளம்பிட்டாங்க" என்கிறாள். வயிறு எரியுது மாப்பிள்ளை! உங்கள் அத்தையிடம் சொன்னால், "அவர் நல்லதுக்குத்தான் செஞ்சார், உங்களை யாரு சுவிட்சை அணைக்கச் சொன்னா?" என்று என் மேலேயே பாய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நடந்திருப்பதே வேறு. பெண்ணைக் கொடுத்த இடம் என்று வாயைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் ஆறியதும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்த மேடமே வந்துவிட்டார்கள். வேறு இடம் பார்க்கக் கிளம்பியவர்கள், நாம் நிஜமாகவே கடையை மூடிவிட்டோமா என்று எட்டிப் பார்த்தார்களாம். துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், தையலைத் திருப்பிப் பார்த்தார்கள், ஹோட்டலோடு தங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். "மெயில்ல வெறும் படத்தைப் பாத்திருந்தா வேணாம்னிருப்பேன் சார்" என்றார்கள். ஞாயித்துக்கிழமை அவசியம் வாங்க மாப்பிள்ளை, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதுல கையை மட்டும் வெச்சுடாதீங்க, மெயில் திரும்பிப் போன கஸ்டமர் இன்னும் நாலு பேர் இருக்காங்க.