நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கு ஸ்பிரிங்கே காரணம்

கொழிஞ்சாம்பாறை,
வியாழக்கிழமை மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய மச்சான் பொங்கியண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை முத்தாத்தாளின் வீட்டுக்காரன் நஞ்சப்பன் தலை குனிந்தபடியே எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், தென்னைகளும் சுகம். உடும்பஞ்சோலையில் நீங்களும், அக்காவும், மருமகள் அனுப்பிரியாவும், ஏலத்தோட்டமும் சுகமாயிருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

அனுப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் நான் போனில் காரணம் சொல்ல ஆரம்பித்தபோது, "மாப்ள, உன்ற வண்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒன்பது தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஆகவே கடிதம். இதை நீங்கள் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், கோபம் ஆறியபின் படிக்கலாம்.

என் சிவப்பு வண்டியை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். ஜப்பான்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, மேலே மடக்குகிற துணிக்கூரை, வயது இருபது. கிருஷி பவன் விவசாய ஆபீசில் முப்பது வருஷம் தென்னை வாடலுக்கு மனு வாங்கி வாங்கி, ஓய்வு பெற்ற மூன்றாம் மாசம் வேலந்தாவளத்தில் ஒரு புளியமரத்தடியில் அது பூ உதிர்ந்து மூடி நிற்பதைப் பார்த்தேன். அதை வாங்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயத்துக்கு இதில்தான் வருவோம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்ததும் அந்த மயக்கத்தில்தான். முத்தாத்தாள் அண்ணன் வீட்டு வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறினால் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. உடுமலை, மறையூர், மூணாறு வழியாக இந்த வண்டியில், கூரையை மடக்கிவிட்டு, தேயிலைத் தோட்டத்து மேகம் மடியில் வந்து உட்கார உட்கார அவளைக் கூட்டி வரவேண்டும் என்று நினைத்தேன். மச்சான், அதைத் தினமும் நினைத்தேன். மோட்டார் ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நான் மறையூர் தாண்டியிருப்பேன்.

ஆனால் வண்டியின் மூலையைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினால் அது ஒரு தடவை எழும்பி அடங்கவேண்டும். நம்முடையதை அமுக்கிவிட்டு நான் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன், அது இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஜின்சனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் தரையில் படுத்துப் பார்த்து, "சேட்டா, நாலு ஷாக்கும் போயி. எண்ணெய் முழுக்க வெளியில. ஸ்பிரிங்கும் தளர்ந்து போயி. மாத்துறதுன்னா ரெண்டும் ஒண்ணா மாத்தணும், ஜோடி சேரணும். ஸ்பிரிங்கு பாரம் தாங்கும், ஷாக்கு அதோட ஆட்டத்தை நிறுத்தும். ஒண்ணை மட்டும் மாத்தினா சண்டையாக்கும்" என்றான். நல்ல பையன். அவன் சொன்னதில் 'ஸ்பிரிங்கு மாத்தணும்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அன்றே பாலக்காட்டுக்குப் போய் நசீம் பாய் கடையில் நின்றேன். அவர் ஒரு புத்தகத்தை விரித்தார். அதில் ஸ்பிரிங்குகள் மஞ்சள், நீலம், சிவப்பு என்று மைசூர் சில்க் மாதிரி அடுக்கியிருந்தன. ரேசுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, வண்டியைத் தரையோடு தாழ்த்த ஒன்று. "உங்களுக்கு எப்படி ஓட்டணும் சார்?" என்று கேட்டார். நான் கண்ணை மூடினேன். தாழ்ந்த ஒரு சிவப்பு வண்டி மூணாற்று வளைவில் சத்தமில்லாமல் சாய்கிறது, பக்கத்தில் முத்தாத்தாளின் சேலைத் தலைப்பு பறக்கிறது. கண்ணைத் திறந்தபோது மஞ்சள் ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்தேன். வண்டியைத் தாழ்த்துகிற, கட்டியான வகை. "ஷாக்கு சார்?" என்றார் பாய். "பழசே இருக்கட்டும்" என்றேன்.

ஜின்சன் எச்சரித்தான், மாட்டித் தந்தான், கும்பிட்டான். முதல் சவாரிக்கு உங்கள் தங்கையை உட்காரவைத்துக் கிளம்பினேன். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது. சந்தைக்கு முன்னாலுள்ள வேகத்தடை ஹம்பில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, வண்டியின் வயிறு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்க, சந்தைக்கு வந்தவர்கள் முன்னிலையில் நாங்கள் ஹம்பின் மேல் நந்தி மாதிரி வீற்றிருந்தோம். முத்தாத்தாள் முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. வலியில் அழுகிறாள் என்று நினைத்தேன். "இடுப்பா அம்மிணி?" என்றேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆறு பேர் எங்களைத் தூக்கி இறக்கினார்கள்.

மறுநாளே மஞ்சளைத் திருப்பிக் கொடுத்து, பாய் கடையிலேயே மிருதுவான ஸ்பிரிங்கை வாங்கினேன். அவள் இடுப்புக்காக, இருப்பதிலேயே மிருதுவானது. நிச்சயத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதற்கு ஜோடியான ஷாக் கொச்சியிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றார் பாய். பழசை வைத்தே சமாளிக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். இதில் ஜின்சனுக்கோ பாய்க்கோ உங்கள் தங்கைக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. கோபப்படுவதானால் என் ஒருவன் மேல் மட்டும் படுங்கள்.

நிச்சயத்தன்று விடியும்போதே கிளம்பிவிட்டோம் மச்சான், சத்தியமாக. சீர்த் தட்டு அவள் மடியில், மல்லிகைப்பூ டேஷ்போர்டில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை ஓலைகளையெல்லாம் ஒரே பக்கம் வாரி விட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஓடவில்லை, மிதந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று மூச்சு விடுகிற நேரம் மேலும் கீழும் ஆடி, அது அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்து தாலாட்டைத் தொடர்ந்தது. முத்தாத்தாள் கோபாலபுரத்துக்கு முன்பே தூங்கிப்போனாள். வயலில் நின்ற கொக்குகளும், எதிரே வந்த பால் வண்டியும், நானும் எல்லாருமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. நான் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மறையூர்ச் சந்தனக் காட்டை. கோபாலபுரம் தாண்டி வாய்க்கால் வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது, திரும்பி மறுபக்கம் சாய்ந்தது, பிறகு இந்தச் சாய்விலேயே போகலாம் என்று அதுவாக முடிவு செய்துகொண்டது. ஒரு தோணி கரை ஒதுங்குவதுபோல, ஒரு கீறல் விழாமல், தண்ணீர் பாய்ச்சிய ஒரு கடலைக்காட்டின் நடுவில் போய் நின்றோம். நின்றபிறகும் கொஞ்ச நேரம் ஆடினோம்.

உங்கள் தங்கை கண் விழித்தாள். "வந்துட்டமாங்க?"

"வந்துட்டோம்" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஏனுங்க, அண்ணன் தோட்டத்து ஏலச்செடியெல்லாம் இப்பக் கடலைக்கொடியாட்டம் ஆயிருச்சுங்களே?"

காட்டுக்காரி கருப்பாத்தாள் என்று ஒரு அம்மாள், மண்வெட்டியும் கையுமாக வரப்பில் வந்து நின்று எங்களைப் பார்த்தாள். "பொம்பளையக் கூட்டியாந்து கடலைக்காட்டைச் சுத்திக் காட்டறதுக்கு நேரம் பாத்தீங்களே சாமி" என்றாள். திட்டினாலும் நல்ல மனசு. அவளுடைய டிராக்டர் உழவு முடித்து வந்து வண்டியை இழுத்துவிட மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. அந்த நேரம் உங்கள் வீட்டில் தட்டு மாற்றியிருப்பார்கள். முத்தாத்தாள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீர் லட்டை ஆளுக்கொன்று நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். மிச்சமும் வீடு வந்து சேரவில்லை, அதற்கும் மன்னிக்கவேண்டும். லட்டு கையில் இருந்தபோதுதான் அவள் ஒரே ஒரு தடவை, "அண்ணன் என்னையத் தேடியிருக்கும்" என்றாள். மச்சான், அந்த ஒரு பேச்சு என்னை நாலு நாளாக உறங்கவிடவில்லை.

ஆகவே இப்போது எல்லாம் முறைப்படி செய்தாயிற்று. கொச்சியிலிருந்து ஷாக் வந்தது. மிருதுவான ஸ்பிரிங்குக்கு மிருதுவான ஷாக், நாலும் புதுசு, ஜோடிப் பொருத்தம் பார்த்து ஜின்சன் நேற்று மாட்டித் தந்தான். மூலையை அமுக்கினேன், ஒரே எழும்பல், அடங்கிவிட்டது. வேகம், சாய்வு, ரேசு எல்லாவற்றையும் நான் மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். அறுபது வயதில் எனக்கு அது எதற்கு? இனி இந்த வண்டி முப்பதுக்கு மேல் போகாது. அவள் இடுப்புக்கு ஒரு பூ உதிர்ந்த அதிர்வுகூட வராமல், வரும் ஞாயிறன்று, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, இரண்டு நாளானாலும் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கிவிடுவேன். நீங்கள் என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். அவளுக்கு மட்டும் கதவைத் திறந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகளுக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஏலக்காய்க்கு இந்த வருஷம் நல்ல மழையும் வெயிலும் அளவாகக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,
நஞ்சப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்கவேண்டாம். தபால்தலை தேட நான் உள்ளே போன நேரத்தில் முத்தாத்தாள் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள். தோப்பில் டிராக்டர் ஓட்டுகிறவள்தானே, நான்தான் அதை நினைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, முடியெல்லாம் கலைந்து, கன்னம் சிவந்து வந்து இறங்கினாள். "ஏனுங்க, இது காரா, மரத்துல கட்டின தூரியா? வளைவுல திருப்பினா ஆடிட்டே போகுது. ஜின்சன்கிட்டச் சொல்லிட்டேன், கட்டி ஸ்பிரிங்கும் அதுக்குத் தோதான ஷாக்கும் போடச் சொல்லி. ரெண்டும் பாய் கடையிலயே இருக்குதாமா, நாளைக்கு மாட்டிருவான். தாழ்த்த வேண்டாமுன்னும் சொல்லிட்டேன், ஹம்பு இருக்குதில்ல?" என்றாள். "உன் இடுப்பு?" என்று கேட்டேன். "அது சும்மா உக்காந்துட்டு வந்தா வலிக்குமுங்க. ஸ்டீரிங்கு புடிச்சா வலிக்கறதில்லை" என்றாள். முப்பத்துநாலு வருஷமாக அவளுக்கு எது மிருது என்று நானே தீர்மானித்து வந்திருக்கிறேன், ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்புகிறோம், ஓட்டுவது அவள்தான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம், சோறு வைத்துவிடச் சொல்லுங்கள். எனக்கு இடதுபக்கச் சீட்டு. போய் உட்கார்ந்து பார்த்தேன் மச்சான். அங்கிருந்து வானம் நிறையத் தெரிகிறது.