தாத்தாவின் கஷாயச் சக்கையும் பாங் அம்மாவின் பன்றிக்கால் சூப்பும்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

அண்ணன் மகள் ரூயின் பணிவோடு எழுதுவது. கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், காரியத்தை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும் என்று எங்கள் மொழி ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே எல்லாரும் நலம். சோங்சிங்கில் நீங்களும் நலமாக இருப்பீர்கள், தம்பிக்கு விழுந்த பல் முளைத்திருக்கும் என்று நம்புகிறேன். இனி காரியம். "தாத்தாவுக்கு அந்தத் தொந்தரவு எப்படி இருக்கு, ஒண்ணும் மறைக்காம எழுது" என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் தாத்தா அடுத்த அறையிலிருந்து கேட்டு என் வாக்கியங்களைத் திருத்துகிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

தொந்தரவைப் பற்றிப் பள்ளி நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் படித்தேன். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. வால்நட் அளவில் இருக்க வேண்டியது வயதானால் வளர்ந்து, சிறுநீர் போகும் குழாயை நெரிக்கிறது. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், போனால் வராது, வந்தால் முடியாது. எழுபது வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் இது உண்டு என்றும் போட்டிருந்தது. தாத்தாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வால்நட் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் பயன்.

தாத்தாவின் கவலை சுரப்பி அல்ல, முரசுக் குச்சி. எங்கள் முதியோர் நாடகக் குழுவில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் முரசு என்பது உங்களுக்குத் தெரியும். அவர் குச்சி அசைந்தால்தான் தாளமும் சேகண்டியும் பேசும், மேடையில் இருப்பவர்கள் காலெடுத்து வைப்பார்கள். கோடையில் நடந்த ஒத்திகையில், போர்க் காட்சியின் நடுவில், தாத்தா குச்சியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தளபதி வேடம் கட்டும் தையல்கடைக்காரர் ஒற்றைக் காலில் ஈட்டியை ஓங்கியபடி நின்றார். முரசு சொல்லாமல் காலை இறக்கக் கூடாது என்பது நாடக இலக்கணம். என் கைக்கடிகாரத்தின்படி ஏழு நிமிடம் நின்றார். திரும்பி வந்த தாத்தா, அவசரமாக ஒரு போன் வந்தது என்றார். பெரிய சேகண்டி அடிக்கும் குவாங் தாத்தா, "உன் போன் இந்த முக்காலிமேலயே இருக்குதே லான், நீ யார் போன்ல பேசிட்டு வந்த?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், தளபதியைத் தவிர. அவர் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு முறை நடுவில் எழுந்தால் குச்சி குவாங் தாத்தாவுக்கு என்று அன்றே முடிவாயிற்று. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் வருகிற இரட்டை ஒன்பது திருநாளன்று இரண்டரை மணி நேர நாடகம். குச்சி போய்விட்டால் தன்னைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம் என்று தாத்தா என்னிடம் மட்டும் சொன்னார்.

நீங்கள் வற்புறுத்தியதால் பெரிய மருத்துவமனைக்குப் போனார். இரத்தம் எடுத்து, படம் பிடித்து, பயப்பட ஒன்றும் இல்லை, வயதுதான் காரணம் என்றார்கள். சாயங்காலத்தில் தேநீரைக் குறைக்கச் சொல்லி மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரைப் பெட்டியின் நான்கு பக்கமும் நோயின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. தாத்தா அதைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசிப் பானைக்கு அடியில் புதைத்துவிட்டு, மூலிகைக் கஷாயம்தான் தனக்கு ஒத்துவரும் என்று அறிவித்தார். மூலிகையின் மேல் எதுவும் அச்சடித்திருக்காதாம்.

பழைய தெரு மருந்துக் கடையில் உட்காரும் வெய் வைத்தியரிடம் நானும் கூடப் போனேன். இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பதினான்கு நாள் கஷாயம் எழுதினார். அதில் வாழைக்காய் அளவுக்கு நீண்ட பெயர்களெல்லாம் இருந்தன. 'எருது முழங்கால்' என்று ஒன்று. பயந்துவிடாதீர்கள், அது ஒரு வேர்தான். 'அரசன் தடுத்தாலும் நில்லாது' என்று ஒரு கருப்பு விதை. அடைபட்டதை ஓட வைக்குமாம். அந்தப் பெயரைக் கேட்டதும் தாத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே வைத்தியர், "மருந்து முடியுற வரைக்கும் டீ பக்கமே போகக் கூடாது பெரியவரே. ஒரு மடக்கு குடிச்சாலும் மருந்து முறிஞ்சிரும்" என்றார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. விடிந்ததும் தேநீர்க்கடைக்குப் போய், மூடிபோட்ட கிண்ணத்தில் இருட்டும்வரை வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடிப்பவர் அல்லவா. ஆனாலும் குச்சிக்காக ஒப்புக்கொண்டார். பதினான்கு நாளும் காலிக் கிண்ணத்தை மூடிவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பொட்டலங்களின் மேல் பெயர் எழுத வேண்டாம் என்று கடைப் பெண்ணின் காதில் சொல்லிவிட்டு, மறுநாள் தொப்பியும் முகக்கவசமுமாகத் தானே போய் வாங்கிவந்தார்.

மருந்து எதற்கு என்று அப்பா கேட்டதற்கு முட்டி வலிக்கு என்றார். அம்மா அப்போதுதான் நிலாத் திருநாள் விருந்துக்கு ஊர் திரும்பியிருந்தார். எட்டு மாதம் குவாங்டோங் ஆலையில் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் கொஞ்சம் சதை போட்டிருந்தார், புதிதாக ஒரு தொளதொள கோட்டும் வாங்கியிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தாத்தா மண்சட்டியில் தானே ஊறப்போட்டு, தானே காய்ச்சினார். நான் மூலிகை அகராதியோடு பக்கத்தில் நின்றேன். கருப்பு விதை இருந்தது. எருது முழங்காலைப் பொட்டலம் பொட்டலமாகத் தேடினேன். முழங்காலும் இல்லை, எருதும் இல்லை. நெட்டி போல லேசாக, வெள்ளையாகச் சில துண்டுகள்தான் மிதந்தன. வைத்தியர்கள் கடைசி நேரத்தில் ஒன்றிரண்டை மாற்றுவது உண்டு என்று முன்னுரையில் போட்டிருந்ததால் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அதே குறிப்பேட்டில் தாத்தாவின் செருப்புச் சத்தத்தை வைத்து இரவு எண்ணிக்கையும் எடுத்தேன். முதல் நாள் ஐந்து. நான்காம் நாள் நான்கு. எட்டாம் நாள் மூன்று. வரைபடம் போட்டால் மலையிலிருந்து இறங்குகிற பாதை மாதிரி இருந்தது.

இங்கேதான் வினை. காய்ச்சிய சக்கையைத் தெருவில் கொட்ட வேண்டும், நடக்கிறவர்கள் காலில் நோய் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அதில் தாத்தாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதையும் எங்கே கொட்டினார் என்றால், தோஃபு கடை முனையில், குவாங் தாத்தா தினமும் காலையில் மிதித்துக்கொண்டு போகிற இடம் பார்த்துக் கொட்டினார். குவாங் தாத்தா மிதிக்கிறாரா என்று தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தாத்தாவை மாடியிலிருந்து பாங் அம்மா பார்த்தார். பாங் அம்மா முப்பத்தொரு வருஷம் மருந்துக் கடைத் தராசில் நின்று ஓய்வு பெற்றவர். சக்கையை ஒரு குச்சியால் கிளறினால் போதும், எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று சொல்லிவிடுவார். கிளறினார். கருப்பு விதை, நெட்டி, இன்னும் இரண்டு வேர். தாய்ப்பால் சுரக்கக் கொடுக்கிற கஷாயம் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தக் கருப்பு விதை பாலையும் ஓட வைக்கும் என்று என் அகராதியிலும் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் காலை பாங் அம்மா முப்பது முட்டை, நாட்டுச் சர்க்கரை, நிலக்கடலை போட்ட பன்றிக்கால் சூப்பு ஒரு தூக்கு, எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அம்மாதான் திறந்தார்.

"பிள்ளை தூங்குதா?"

"எந்தப் பிள்ளை?"

"என்கிட்டயே மறைக்கிறியே. ஆம்பளப் பிள்ளையா, பொண்ணா? பச்ச உடம்போட வாசல்ல காத்துல நிக்காத, உள்ள போ."

அம்மா என்னைக் காட்டி, "நான் பெத்தது அதோ மூலையில அகராதி படிச்சிட்டு உக்காந்திருக்கு. பதினாலு வயசாச்சு. வேணும்னா தூக்கிக் கொஞ்சுங்க" என்றார். பாங் அம்மா அம்மாவின் கோட்டை மேலும் கீழும் பார்த்து, கண்ணைச் சிமிட்டி, தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தாவுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை; திறந்ததும் சூப்புக்காகத்தான். வந்ததை வீணாக்கக் கூடாது என்று இரண்டு காலையும் அவரே கடித்து முடித்தார்.

அடுத்த மூன்று நாளில் இன்னும் நான்கு தூக்கு வந்தது. அப்பாவுக்கு அவர் வேலை செய்கிற உப்பு ஆலை லாரி நிறுத்தத்தில் கைகுலுக்கி மது வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவரும் எதற்கென்று கேட்காமல் குடித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் கொடிக்கம்பியில் குழந்தைத் துணி காய்கிறதா என்று பெண்கள் அண்ணாந்து பார்த்தபடி போனார்கள். துணி காணவில்லை என்றதும் பேச்சு திரும்பியது. பிள்ளையைக் குவாங்டோங்கிலேயே யாரிடமோ விட்டுவிட்டு வந்துவிட்டாளாம், யாருடைய பிள்ளையோ என்று தோஃபு கடையில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். அம்மாவும் கேட்டுவிட்டார். அன்று அவர் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தார். "திருநாளுக்கு முன்னாடியே கிளம்புறேன் மாமா. ஆலையில யாரும் என் வயித்தப் பாக்க மாட்டாங்க" என்றார். அதுவரை எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அத்தை, அம்மா கோட்டை மடிக்கும்போது நான்கு முறை பிரித்துப் பிரித்து மடித்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தாத்தா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தேநீர்க்கடையில் ஒத்திகைக்குக் குழு முழுக்க உட்கார்ந்திருந்தது. சீட்டாடுகிற மேசையில் பாங் அம்மாவும் இருந்தார். தாத்தா காலிக் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்காரவில்லை. நடுவில் நின்று, போர்க்காட்சி தொடங்கும்போது அடிக்கிற அடியை முரசில் அடித்தார். தையல்கடைக்காரர் பழக்கத்தில் ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"முனையில கொட்டினது என் கஷாயம்" என்றார் தாத்தா. "என் மருமகளுக்குப் பிள்ளையும் இல்ல, பாலும் இல்ல. எனக்குத்தான் மூத்திரம் நிக்க மாட்டேங்குது. ராத்திரி அஞ்சு தடவ எழுந்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குப் போனும் வரல, ஒண்ணும் வரல. அதுக்குத்தான் போனேன். அவளப் பத்தி இனி யாராவது பேசினா, சக்கைய அவங்க வீட்டுக்குள்ளயே கொண்டாந்து கொட்டுவேன்." சொல்லிவிட்டுக் குச்சியைக் குவாங் தாத்தாவின் முன்னால் வைத்தார்.

குவாங் தாத்தா குச்சியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் தேநீரை ஊதினார். பிறகு, "அஞ்சுதானா? எனக்கு ஆறு" என்றார்.

தாளக்காரர் நான்கு என்றார். புல்லாங்குழல்காரர், எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றார். தளபதியே காலை இறக்கிவிட்டு, கவசம் போட்டுவிட்டால் கழற்ற இருபது நிமிடமாகிறது, அதனால் நாடகத்தன்று முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று சொன்னார். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதே தொந்தரவு. "அப்ப குச்சிய நான் வாங்கி என்ன பண்றது, நானும்தான் எழுந்திருப்பேன்" என்று குவாங் தாத்தா அதைத் தாத்தாவின் பக்கம் தள்ளிவிட்டார். போர்க் காட்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் இடைவேளை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். எங்கள் குழுவின் வரலாற்றில் இதற்கு முன் இடைவேளை இருந்ததில்லை. பாங் அம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தொரு வருஷத்துல என் கண்ணு தப்பினதே இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அம்மா பெட்டியைப் பிரித்துவிட்டார். தாத்தாவிடம் மட்டும், "முதல் நாளே சொல்லியிருந்தா சூப்பு வந்திருக்காதுன்னுதான மாமா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார். தாத்தா காலித் தூக்குகளைக் கழுவப் போய்விட்டார்.

நாடகம் அருமையாக நடந்தது. இடைவேளையில் குழு முழுக்கக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றது. தாத்தா மட்டும் முரசடியிலேயே உட்கார்ந்து, வரிசையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பதினான்காம் நாள் இரவு எண்ணிக்கை இரண்டு. அவ்வளவும் கஷாயத்தின் மகிமை. நன்றிக்கொடியாகச் சிவப்புப் பட்டில் பொன்னெழுத்தில் 'அரசன் தடுத்தாலும் நில்லாததை நிறுத்திய கை' என்று தைத்து, குழுவினரோடு சேகண்டி அடித்துக்கொண்டு ஊர்வலமாகப் போய் வெய் வைத்தியர் கடையில் மாட்டிவிட்டு வந்தோம். வாசகம் என்னுடையது. ஆகவே அத்தை, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். மூலிகை அறிவியல் வென்றது, குறிப்பேடு சாட்சி.

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும், தம்பியின் பல் நேராக முளைக்கட்டும், இந்தக் குளிர்காலம் உங்கள் வீட்டுப் படியில் மெல்லக் கால் வைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

தங்கள் அன்பிற்குப் பாத்திரமான,
லான் ரூயின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மருந்துக் கடைப் பெண் வந்துவிட்டார். அலமாரியைத் துடைக்கும்போது பெயர் எழுதாத பதினான்கு பொட்டலம் அகப்பட்டதாம். தாத்தாவுடையது. அன்று அவசரத்தில் கொடுத்துவிட்டது அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் மருந்தாம். அவருக்கு அன்றே வேறு கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். அதாவது தாத்தா இரண்டு வாரமாகக் குடித்தது பால் கஷாயம்தான். பாங் அம்மாவின் கண் தப்பவில்லை. இப்போது அவர் தெருவில் நடக்கிற நடையை நீங்கள் பார்க்க வேண்டும். குறிப்பேட்டை மறுபடி புரட்டினேன்: தாத்தா தேநீரை நிறுத்திய நாளிலிருந்துதான் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. இதைப் பெரிய மருத்துவமனையில் கோடையிலேயே சொன்னார்கள். எருது முழங்கால் இப்போது சமையலறையில் இருக்கிறது, ஒவ்வொரு பொட்டலத்திலும் இருக்கிறது. வெய் வைத்தியரையும் மருத்துவமனையையும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்று அம்மா பூட்டிவைத்திருக்கிறார். பட்டுக்கொடியைத் திருப்பி வாங்குவது முறையா என்று தெரிந்தால் எழுதுங்கள். மற்றபடி தன் உடம்பில் வேறு எந்த மாற்றமும் இல்லை என்று தாத்தா எழுதச் சொன்னார். ஆனால் அந்தப் பெண் வந்துபோனதிலிருந்து கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறார். கேட்டால், குளிர் என்கிறார்.