துலுக்காணம் பல்லியின் கருத்துக்கணிப்பு

ஒரு காட்டில், அதுவும் ஓட்டுப்பெட்டி தவறாமல் வந்து சேருகிற, குடிதண்ணீர் மட்டும் வந்து சேராத காட்டில், துலுக்காணம் என்றொரு பல்லி வாழ்ந்தான். பாழ்மண்டபத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு கொசு பிடிப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் கொழுத்த கொசு ஒன்று தொண்டையில் சிக்க, 'ச்சு ச்சு ச்சு' என்று இருமினான். தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று கீழே குழம்பிக்கொண்டிருந்தார் காட்டெருமை வஜ்ரவேலு. "ஆகா, பல்லி சொல்லிடுச்சு!" என்று ஓடிப்போய் மனு போட்டார், ஜெயித்தும் தொலைத்தார். மறுநாளே துலுக்காணம் தேர்தல் வியூக நிபுணன் ஆகிவிட்டான். இதற்கெல்லாம் படிப்பு வேண்டும் என்றா நினைத்தீர்கள்? அட, போங்கள்!

ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் முள்ளம்பன்றி அம்சவேணி. வஜ்ரவேலுவுக்கு லேசாக உதறல்.

"ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வா. கணிப்பு எனக்குப் பிடிக்கலைன்னா, இந்தக் குளம்புக்கு அடியில நீ சட்னி," என்றார்.

துலுக்காணம் பதினோரு கேள்விகள் எழுதிய தேக்கிலைப் படிவங்களை எடுத்துக்கொண்டான். எருமைக் கட்சியின் சின்னமான எருக்க இலையை முதுகில் ஒட்டிக்கொண்டு வளை வளையாகப் போனான். எங்கே போனாலும் முதல் கேள்வியைக் கேட்டது அவன் இல்லை.

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?" என்றாள் சின்னப்பொண்ணு முயல்.

"எருமை பக்கம்."

"அட, நாங்களும் அதே பக்கம்தாண்ணே! வேற யாருக்குப் போடப்போறோம்?"

எலியும் அதையே சொன்னது, மானும் அதையே சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் எருமைக்கு! மிச்ச மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்ட வஜ்ரவேலுவுக்கு ஏக குஷி. "அப்புறம் எதுக்கு வெயில்ல அலையணும்?" என்று காட்டிலிருந்த ஒரே குளத்தில் குடும்பத்தோடு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் முதுகிலிருந்த இலை காய்ந்து உதிர்ந்துவிட்டது. தாகத்தில் நாக்கு வறண்டு, துலுக்காணம் மறுபடி சின்னப்பொண்ணு வளையில் போய் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டான். இலை இல்லாததால் அவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

"தண்ணியா? அந்த எருமை குளத்தைக் கலக்கினதுல என் குட்டிங்க சேத்தை நக்குதுங்க. நாசமாப் போறவன்! இந்தத் தடவை முள்ளம்பன்றிக்குத்தான் எங்க ஓட்டு."

"நேத்து எருமைக்குத்தான்னு சொன்னீங்களாமே?"

"எவனோ இலையை ஒட்டிக்கிட்டு வந்தான். அவன்கிட்ட உண்மையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

துலுக்காணம் தாகத்தையும் மறந்து ஓடினான். இன்னும் இருபது வளைகளில் விசாரித்தான். எல்லாம் அதே கதைதான். தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. வஜ்ரவேலு இப்போதே கரையேறிக் குளத்தை விட்டுக்கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். சொல்லியே தீருவது என்று குளக்கரைக்கு ஓடினான்.

"தலைவரே, கணிப்பு கொஞ்சம்..."

வஜ்ரவேலு சேற்றிலிருந்து ஒரு காலை உயர்த்தினார். "கொஞ்சம்?"

"கொஞ்சம் கூடியிருக்கு தலைவரே! தொண்ணூத்தொம்பது! டேட்டா பேசுது!"

அன்று துலுக்காணத்துக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அரைமணி நேரம் இருந்தது.

அம்சவேணி அமோகமாக ஜெயித்தார். முடிவு வந்த கையோடு வஜ்ரவேலு மண்டபத்துக்குப் பாய்ந்து வந்து காலை ஓங்கி இறக்கினார். துலுக்காணத்தின் வால்தான் மாட்டியது. வாலை உதறிப் போட்டுவிட்டு, ஒரே ஓட்டம். துள்ளிக்கொண்டிருந்த அந்த வாலை மிதியோ மிதியென்று மிதித்து, "துரோகி ஒழிந்தான்!" என்று கிளி நிருபர்களுக்குப் பேட்டியும் கொடுத்தார் முன்னாள் தலைவர்.

வாலில்லாத துலுக்காணம் மூச்சிரைக்கப் போய் நின்ற இடம் அம்சவேணியின் வெற்றிவிழா மேடை.

"அம்மா, அந்த எருமையை ஓட்டுக் கேட்கவே போகவிடாம சேத்துல படுக்கவெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? எல்லாம் உங்களுக்காகத்தான். பாருங்க, வாலையே குடுத்திருக்கேன்!"

பக்கத்திலிருந்த மரங்கொத்திக்குப் பொறுக்கவில்லை. அதுதான் அம்சவேணிக்குக் கணிப்பு எடுத்தது. இலை கிலை எதுவும் ஒட்டாமல் வீடு வீடாகப் போய், ஓட்டு எண்ணிக்கையை அப்படியே முன்கூட்டிச் சொன்ன பறவை அது.

"பொய்ம்மா! காடு தண்ணிக்காக ஓட்டுப் போட்டிருக்கு. மொதல்ல குளத்தைத் தூர்வாருங்க."

அம்சவேணியின் முட்கள் சிலிர்த்தன. "அப்போ என் முகத்துக்காக ஒருத்தரும் போடலையா?"

மரங்கொத்தி படிவங்களைப் புரட்டிப் பார்த்தது. "போட்டிருக்காங்கம்மா. நூத்துக்கு நாலு பேர்."

"நீ என்னப்பா சொல்றே?" என்று துலுக்காணத்தைப் பார்த்தார் அம்சவேணி.

"முகமா அம்மா இது? அலை! காடு முழுக்க அடிச்ச அலை!"

அன்று சாயங்காலமே மரங்கொத்தியை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். துலுக்காணம் தலைமை ஆலோசகன் ஆனான். அவன் கொடுத்த முதல் ஆலோசனைப்படி, அம்சவேணி சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வெற்றிக் குளியலுக்குக் குளத்தில் இறங்கினார். கரையில் குட்டிகளோடு நின்ற சின்னப்பொண்ணு, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

நீதி: தோற்கப்போகிறவரிடம் 'ஜெயிப்பீர்கள்' என்று சொல், ஜெயித்தவரிடம் 'என்னால்தான் ஜெயித்தீர்கள்' என்று சொல். தாகத்தோடு நிற்பவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம், கருத்து மட்டும் கேட்டுக்கொள்.